பூட்டன் மலாயாவில் இருந்தபோது ஊரில் கைநாட்டு வைத்தது யார்? கையில் இருப்பது ஒரு புரோநோட்டு

கடைமடைக்காரி (திருத்துறைப்பூண்டி வட்டம்) கேட்டது:

வணக்கம். என் அப்பாயியின் தகப்பனாரைப் பற்றித் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பூட்டன் முறை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கடைமடைக் கிராமத்தில் பண்ணையாளாக இருந்தவர். சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. பட்டா, சிட்டா என்று எதைக் கேட்டாலும் அவர் பெயர் எங்கும் இல்லை. ஊரையும் பெயரையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டதால் அவற்றை விட்டு மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

அப்பாயி உயிரோடு இருந்தவரை திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி இவ்வளவுதான். மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து மூன்றாம் வருடம், அப்பாயி கைக்குழந்தையாக இருந்தபோது, அவர் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு நாகப்பட்டினம் போய் ரஜுலா கப்பல் ஏறினார். பணம் வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் வந்ததும் நின்றுபோனது. சண்டை முடிந்த பிறகு ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார். புயல் அடித்த வருடம் இறந்தார்.

எங்களிடம் இருக்கும் காகிதங்கள் இரண்டே. ஒன்று வெறும் கடித உறை. உள்ளே கடிதம் இல்லை. மலாய் ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறது, முத்திரையில் தெலுக் ஆன்சன், 1939 என்று தெரிகிறது. இன்னொன்று, பண்ணை வீட்டை இடித்தபோது அந்த வீட்டுப் பேரன் அப்பாவைக் கூப்பிட்டு, "இது உங்கள் வீட்டுக் காகிதம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்த புரோநோட்டு.

நோட்டின் முகப்பில் "1937௵ ஜூலை௴ 5௳க்குச் சரியான ஈஸ்வர௵ ஆனி௴ 21௳" என்று தேதி (௵ வருடம், ௴ மாதம், ௳ நாள்). கடன் 40 ரூபாய். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். கீழே ஓரணா ஸ்டாம்பின் மேல் கைநாட்டு. மை ஸ்டாம்பின் விளிம்பைத் தாண்டிக் காகிதத்திலும் பதிந்திருக்கிறது. விரலின் கோடுகள் இன்றைக்கும் தெளிவாகத் தெரிகின்றன. நடுவில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு, கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டதாக இருக்கலாம். பூட்டனின் புகைப்படம் எதுவும் எங்களிடம் இல்லை. அவருடைய உடம்பின் அடையாளம் என்று நாங்கள் பார்த்தது அந்த விரல் ஒன்றுதான்.

பின்பக்கம் நான்கு வரவு எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலத் தேதி இல்லை. விக்கிரம௵ வைகாசி ரூ. 10. சுபானு௵ சித்திரை ரூ. 2, பக்கத்தில் "கூலி நெல்லில்" என்று ஒரு சொல். பார்த்திப௵ பங்குனி ரூ. 3. சர்வதாரி௵ தை ரூ. 15. ஒவ்வொன்றின் கீழும் ஒரு கைநாட்டு.

இங்கேதான் வீட்டில் சண்டை. அவர் மலாயாவில் இருந்தார் என்றால் இந்தக் கைநாட்டுகளை வைத்தது யார்? நோட்டு அவருடையதே இல்லை, அவர் தம்பியுடையது என்கிறார் அத்தை. இடையிடையே ஊருக்கு வந்து போயிருப்பார் என்கிறார் சித்தப்பா. இந்தக் காகிதத்தை வைத்து ஏதாவது உறுதியாகச் சொல்ல முடியுமா? நிலமே இல்லாத ஒருவரை வேறு எந்தப் பதிவேட்டில் தேடுவது? தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

---

எழும்பூர் வாசகர்:

சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். மலாயாவில் இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் இருந்தார். அவர் ஆண்டுதோறும் அனுப்பிய அறிக்கைகள் அச்சில் வந்தவை. உங்கள் பூட்டனார் பெயர் அதில் வராது. ஆனால் கூலி என்ன, எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், தோட்டங்களில் குடியிருப்பு எப்படி இருந்தது என்பதெல்லாம் அந்தந்த ஆண்டு வாரியாகக் கிடைக்கும். வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி 1936 கடைசியில் மலாயா போய்த் தொழிலாளர் நிலையைப் பார்த்து 1937இல் கொடுத்த அறிக்கையும் உங்கள் காலத்தோடு ஒட்டியது.

---

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் (நீடாமங்கலம் பக்கம்):

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவே பதில் எழுத உட்கார்ந்தேன். வீட்டில் பஞ்சாங்கத்தை எடுத்துச் சரிபார்த்துவிட்டு இன்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நிலமில்லாதவரைச் சிட்டாவில் தேடாதீர்கள். சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு எல்லாமே சர்க்கார் வரி வாங்குவதற்காக எழுதிய கணக்கு. வரி கொடுக்க நிலம் இல்லாதவன் அதில் எதற்கு வரப்போகிறான்? பண்ணையாளின் பெயர் அவனுக்குச் சொந்தமான காகிதத்தில் இருக்காது, அவனால் யாருக்கு ஆதாயமோ அவர்கள் வைத்திருந்த காகிதத்தில்தான் இருக்கும். கடன் கொடுத்தவர், நெல் அளந்தவர், ஆள் சேர்த்தவர். உங்கள் கைக்கு வந்த நோட்டு அந்த வகை. பட்டாவைவிட அதிகம் பேசும் காகிதம் அது. அதைக் கொடுத்த அந்தப் பேரனுக்கு நன்றி சொல்லுங்கள். பழைய வீட்டை இடிக்கும்போது இப்படிப்பட்ட கட்டுகளை அடுப்பில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி வருடக் கணக்கு. அறுபது வருடச் சுற்று என்பதால் மயங்க வேண்டாம், முகப்பில் ஆங்கிலத் தேதி இருக்கிறது. ஈஸ்வர வருடம் 1937. விக்கிரம வைகாசி 1940 மே, ஜூன். சுபானு சித்திரை 1943 ஏப்ரல், மே. பார்த்திப வருடம் 1945 சித்திரையில் தொடங்கியது, அதன் பங்குனி 1946 மார்ச், ஏப்ரலில் வரும். சர்வதாரி தை 1949 ஜனவரி, பிப்ரவரி.

இந்தத் தேதிகளின் இடைவெளியைப் பாருங்கள். 1937, 1940, 1943, 1946, 1949. புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருடம். அதற்குள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் நோட்டு காலாவதி. 1908ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் அப்படி. ஆனால் மூன்று வருடம் முடிவதற்குள் கடன் வாங்கியவர் ஒரு சிறு தொகை கட்டி, அதை நோட்டின் முதுகில் வரவு எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டால், அன்றிலிருந்து மறுபடியும் மூன்று வருடம் ஓடும். உங்கள் நோட்டில் ஒவ்வொரு வரவும் கெடு முடிய ஒரு மாதம், இரண்டு மாதம் இருக்கும்போது விழுந்திருக்கிறது. கையில் பணம் இருந்தபோது கட்டிய வரவு இப்படித் தேதி பார்த்து வராது. பண்ணையில் கணக்கு எழுதியவர் கெடுவைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஆளைக் கூப்பிட்டு விரலை வாங்கியிருக்கிறார். சுபானு வருடத்து இரண்டு ரூபாய் கூலி நெல்லில் பிடித்தது என்பதே போதும்.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நாற்பது ரூபாய்க்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 4 ரூபாய் 80 காசு. அன்றைய கணக்கில் நாலே முக்கால் ரூபாய்க்குச் சற்று மேல். பதினொன்றரை வருடத்துக்கு ஐம்பத்தைந்து ரூபாய் ஆகிறது. கட்டியது மொத்தம் முப்பது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, வட்டியே பாதிதான் அடைந்திருக்கிறது. நோட்டு ஏன் பண்ணை வீட்டில் கிடந்தது என்றும் இதிலிருந்தே தெரிகிறது. கடன் தீர்ந்திருந்தால் நோட்டு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும், அல்லது அவர் கண் முன்னால் கிழித்திருப்பார்கள். 1938இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகளின் கடனைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அந்தச் சட்டத்தில் விவசாயி என்றால் நிலத்தில் பாத்தியதை உள்ளவர், அல்லது குத்தகைக்கோ வாரத்துக்கோ சாகுபடி செய்பவர். வயலில் இறங்கி நாற்று நட்டவருக்கு, கதிர் அறுத்தவருக்கு அந்தப் பெயர் இல்லை. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனது ஆறுவதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கைநாட்டு யாருடையது? விரலை மட்டும் பார்க்காதீர்கள், விரலைச் சுற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள். எழுதத் தெரியாதவர் விரல் வைத்தால், நோட்டு எழுதியவர் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இது இன்னாருடைய இடக்கைப் பெருவிரல் ரேகை என்று எழுதுவார். அது இல்லாவிட்டால் நாளைக்குக் கோர்ட்டில் நிற்காது. பெரும்பாலும் ரேகையின் வளைவை ஒட்டியே எழுதியிருப்பார்கள், மை மங்கியிருக்கும், சட்டென்று கண்ணில் படாது. பகல் வெளிச்சத்தில், காகிதத்தைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மடிப்பை நிமிர்த்துகிறேன் என்று அழுத்தாதீர்கள், ஒடிந்துவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். நான்கு வரவிலும் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பெயர்த்து இங்கே போடுங்கள். முகப்பில் இருக்கும் தழும்புள்ள விரல் பின்பக்கம் எந்தெந்த வரவில் வருகிறது என்றும் பாருங்கள். அந்தத் தழும்பு உங்களுக்குக் கிடைத்த பெரிய சாட்சி.

புயல் வருடம் என்கிறீர்கள். நம் பக்கத்தில் இரண்டு புயலை அப்படிச் சொல்வார்கள். 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறியது ஒன்று. 1955 நவம்பர் முடிந்து டிசம்பர் பிறக்கும்போது பட்டுக்கோட்டைப் பக்கம், இராஜாமடம் புயல் என்பார்கள், அது ஒன்று. எது என்று பெரியவர்களைக் கேளுங்கள். "பண்ணையாள் சட்டம் வந்தபோது அவர் இருந்தாரா?" என்று கேட்டால் சுலபமாகப் பிடிபடும். அந்தச் சட்டம் 1952இல் வந்தது. கூலி நெல் எவ்வளவு, பண்ணையாளைக் காரணம் இல்லாமல் நீக்கலாமா என்பதில் அந்த வருடம் ஊருக்கு ஊர் பேச்சுவார்த்தை நடந்தது. அதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

---

பேராக் தமிழன்:

வணக்கம் அக்கா. என் தாத்தா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். உங்கள் உறையில் இருக்கும் தெலுக் ஆன்சன்தான் இன்றைய தெலுக் இந்தான், கீழ்ப் பேராக்கில். 1982இல் பெயர் மாறியது. அது தபாலாபீஸ் இருந்த ஊர். சுற்றிலும் பல தோட்டங்கள் இருந்ததால் முத்திரையை மட்டும் வைத்து எந்தத் தோட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் 1939இல் அவர் இந்த வட்டாரத்தில் இருந்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சி.

எப்போது வந்தார் என்பதை இன்னும் நெருக்கிப் பிடிக்கலாம். ரஜுலா 1926இல் கட்டிய கப்பல், 1973 வரை ஓடியது. அதனால் கப்பல் பெயரை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. கங்காணியோடு வந்தார் என்பதுதான் முக்கியம். 1937இல் தோட்டங்களில் ஆண்களுக்கு நாள் கூலி ஐம்பது காசு. 1938இல் அதை நாற்பத்தைந்தாகக் குறைத்தார்கள். அதை எதிர்த்து இந்திய அரசு 1938 ஜூன் 15 முதல் உதவிப் பயணத்தில் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. நோட்டின் தேதி 1937 ஜூலை 5, அன்று அவர் ஊரில் இருந்து விரல் வைத்திருக்கிறார். அப்படியானால் அவர் கப்பல் ஏறியது அந்த ஜூலைக்கும் அடுத்த ஜூனுக்கும் நடுவில். மேட்டூர் திறந்தது 1934, அதிலிருந்து மூன்றாம் வருடம் என்று உங்கள் அப்பாயி சொன்னது அப்படியே பொருந்துகிறது.

நாற்பது ரூபாய் கப்பல் செலவுக்கு வாங்கிய கடனாக இருக்காது. கங்காணி வழியாக வந்தவர்களின் பயணச் செலவை இந்தியர் குடிநுழைவு நிதி ஏற்றுக்கொண்டது. தோட்டக்காரர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து 1907 முதல் நடந்த நிதி அது. போவதற்கு முன்னால் பழைய பாக்கியையெல்லாம் கூட்டி ஒரே நோட்டாக எழுதி வாங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆள் போனாலும் கடன் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று பண்ணையில் நினைத்திருப்பார்கள்.

1940 வரவில் இருக்கும் அந்தப் பத்து ரூபாயைக் கொஞ்சம் பாருங்கள். அன்று எங்கள் ஒரு வெள்ளிக்கு (மலாயா டாலர்) இந்திய ரூபாயில் ஒரு ரூபாய் ஒன்பது அணா. பத்து ரூபாய் என்பது ஏறக்குறைய ஆறு வெள்ளி நாற்பத்து மூன்று காசு. நாளுக்கு ஐம்பது காசு கூலி என்று வைத்தாலே பதின்மூன்று நாள் வேலை. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, பெயர் கொடுத்து, பால்மரம் வெட்டி, வாளியில் பால் சுமந்து வந்து நிறுத்தால்தான் செக்ரோலில் (வேலைநாள் பதிவேட்டில்) ஒரு நாள் விழும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்று கூலியும் இல்லை. அப்படிப் பதின்மூன்று நாள். அரிசி, பருப்புக்கு இங்கே பிடித்தது போக மிச்சம் பிடித்து அனுப்பியிருக்கிறார்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கினார்கள், அந்த மாதமே பினாங்கு போனது, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஊரோடு கடிதமும் இல்லை, பணமும் இல்லை. தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைச் சயாம் மரண ரயில் போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. காஞ்சனாபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைகள் வரிசையாகப் பெயரோடு இருக்கின்றன. நம்மவர்கள் காட்டிலேயே போனார்கள், பெயர் எழுத ஆள் இல்லை. உங்கள் பூட்டனார் திரும்பி வந்தவர். அவர் 'சயாம்' என்ற சொல்லை எப்போதாவது சொன்னாரா என்று வீட்டில் கேளுங்கள். சொல்லியிருந்தால் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று நான் எழுதுகிறேன். தகரப் பெட்டி இன்னும் இருக்கிறதா? 1948இல் இங்கே எல்லாருக்கும் விரல் ரேகை வாங்கி அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு கிளம்பியிருந்தால் பெட்டியில் அந்த அட்டை இருக்க வாய்ப்பு உண்டு.

---

கடைமடைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி காகிதத்தை முற்றத்து வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். அப்பாவும் பக்கத்தில் இருந்தார்.

நான்காவது வரவில், சர்வதாரி தையில், தழும்புள்ள விரல் இருக்கிறது. முகப்பில் உள்ள விரலேதான். அதே இடத்தில் அதே வெட்டு. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன், நோட்டு அவருடையதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

முதல் மூன்று வரவுகளில் அந்த விரல் இல்லை. வேறு ஒரு விரல். சிறியது, கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன. சுற்றிலும் ஐயா சொன்ன மாதிரியே பொடி எழுத்து. விக்கிரம வருடத்து வரவில் மை போய்விட்டது. சுபானு வருடத்து வரவில் முழுதாகப் படிக்க முடிகிறது: "மேற்படியான் சம்சாரம்" என்று எழுதி, ஒரு பெயரை எழுதி, "இடக்கைப் பெருவிரல் ரேகை" என்று முடித்திருக்கிறார்கள். பங்குனி வரவிலும் அதே பெயர்.

அது என் பூட்டியின் பெயர். அப்பாவுக்குத் தெரியாது, அத்தைக்குத் தெரியாது. அப்பாயி அவரை ஆத்தா என்றுதான் சொல்வார். ஊரில் எல்லாரும் அவர் பிறந்த ஊரை வைத்து இன்ன ஊராள் என்றே கூப்பிட்டார்களாம். அப்பா அந்தப் பெயரை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு என் தம்பி மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

நான் பூட்டனைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் இல்லாத ஏழு வருடத்துக்கு மேல் இந்த நோட்டைச் சுமந்தவர் பூட்டி. இரண்டு ரூபாய் கூலி நெல்லில் பிடித்தார்கள் என்பது அவருடைய கூலி நெல்லா?

பேராக் தம்பி, சயாம் என்ற சொல்லை யாரும் கேட்டதாக நினைவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று இருந்தேன் என்று மட்டும் சொல்வாராம். பெட்டி இல்லை, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். பண்ணையாள் சட்டம் வந்த அறுவடையில் அவர் இருந்தார், அதே வருடம் கார்த்திகையில் புயலுக்குப் பிறகு காய்ச்சலில் போனார் என்று பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். அப்படியானால் 1952தான். பூட்டி எப்போது இறந்தார் என்று எவருக்கும் தெரியவில்லை. அப்பாயிக்குக் கல்யாணம் ஆகும்போது இல்லை என்பது மட்டும் உறுதி. இனி அவரைத் தேட வேண்டும்.

---

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் (நீடாமங்கலம் பக்கம்):

அம்மா, படித்ததும் உள்ளே போய் என் சம்சாரத்திடம் சொன்னேன். பெயர் கிடைத்தது பெரிய விஷயம்.

ஆம், அது அவருடைய கூலி நெல்தான். 1940இல் மலாயாவிலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது, பத்து ரூபாய் ரொக்கமாகக் கட்டினார். 1943இல் ரொக்கம் இல்லை, அதனால் நெல்லில் பிடித்திருக்கிறார்கள். அது எப்படிப்பட்ட வருடம் என்று நினைத்துப் பாருங்கள். 1942இல் பர்மா ஜப்பானியரிடம் போனது, பர்மா அரிசி வருவது நின்றது, நெல் விலை ஏறியது, எங்கும் தட்டுப்பாடு. கையில் ரொக்கம் வாங்குகிறவனை அந்த விலை கொன்றது. நெல்லில் கூலி வாங்கியவருக்கு அந்த நெல்தான் உயிர். அதிலிருந்து இரண்டு ரூபாய்க்கு எடுத்திருக்கிறார்கள். என்ன விலைக்குக் கணக்குப் போட்டு எடுத்தார்கள் என்று நோட்டில் இல்லை. அந்தப் பண்ணையின் நெல் கணக்கு நோட்டு பேரனிடம் இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். கலம், மரக்கால் என்று ஆள்வாரியாக எழுதியிருப்பார்கள். ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். தமிழ் எண்ணில் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், நான் படித்துச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஊர்ப் பழைய கணக்குப்பிள்ளை ஒருவர் மாலை நேரத்தில் திண்ணையில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். 1980 நவம்பரில் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, பட்டாமணியார் வேலைகளை எடுத்துவிட்ட பிறகும் என்மேல் கோபம் கொள்ளாமல் சொல்லிக்கொடுத்தவர்.

சம்சாரம் வைத்த விரல் சட்டப்படி செல்லுமா என்று ஒரு வக்கீல் கேட்டால் வாதம் செய்யலாம். புருஷன் சொல்லித்தான் கட்டினாள் என்று அவர்கள் சொல்வார்கள். பண்ணை மனையில் குடியிருக்கிற ஒரு பெண் சிறு குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வாதத்தைச் செய்திருக்க முடியாது. மனை பண்ணையுடையது. அந்த விரலை வைக்கமாட்டேன் என்றால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

அந்த மனையைப் பற்றியும் ஒரு காகிதம் இருக்க வேண்டும். 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்து, பண்ணை மனையில் இருந்தவர்களுக்கு அந்த மனையே சொந்தமானது. உங்கள் அப்பாயியின் அண்ணன் தம்பி யாராவது அதே மனையில் இருந்திருந்தால் அவர் பெயரும், தகப்பனார் பெயரும் அந்தக் கோப்பில் வரும். தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள். தாய் பெயர் இருக்காது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பூட்டியைத் தேட வழி இறப்புப் பதிவேடு. 1899ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டாமணியார் ஊரில் நடந்த ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் எழுத வேண்டும். தலையாரியும் வெட்டியானும் வந்து சொல்வதை எழுதுவார். சேரியில் நடந்த சாவுகளில் சில விட்டுப்போயிருக்கும், இருந்தாலும் காலரா, அம்மை வந்த வருடங்களில் மேலிடத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டியிருந்ததால் ஒழுங்காக எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பழைய கிராமப் பதிவேடுகள் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். அங்கே இல்லை என்றால் வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் கேளுங்கள். முதலில் பூட்டனார் இறப்பைக் கேளுங்கள். 1952 நவம்பர் முதல் 1953 மார்ச் வரை என்று கேட்டால் சிறிய இடைவெளி, தேடுபவருக்கும் சலிப்பு வராது. அந்தப் பதிவில் ஊரை எப்படி எழுதியிருக்கிறார்கள், பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, பிறகு பூட்டிக்கு மனுப் போடுங்கள்.

பூட்டிக்கு 1946 பங்குனியிலிருந்து அப்பாயியின் கல்யாண வருடம் வரை கேளுங்கள். 1946 பங்குனியில் உயிரோடு இருந்தார் என்பதற்கு அவர் விரலே சாட்சி. 1949 தையில் அவர் விரல் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், புருஷன் ஊரில் இருக்கும்போது சம்சாரத்தைக் கூப்பிட்டு விரல் வாங்கத் தேவையில்லை. மனுவில் அவர் பெயரோடு கணவர் பெயரையும் எழுதி, பெயர் பிடிபடாவிட்டால் கணவர் பெயரை வைத்துத் தேடித் தரும்படி கேளுங்கள். "இன்னாள், இன்னான் பெண்சாதி" என்றுதான் பதிவு இருக்கும். சில இடத்தில் முதல் சொல்லே இருக்காது, பெண்சாதி என்பது மட்டும் இருக்கும். இப்போது பெயர் தெரிந்திருப்பதால் அப்படி இருந்தாலும் கவலையில்லை. பிரசவத்துக்கோ உடம்பு முடியாமலோ தாய்வீடு போய் அங்கே இறந்திருந்தால் அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் இருக்கும். அவரை எந்த ஊராள் என்று கூப்பிட்டார்களோ அந்த ஊருக்கும் ஒரு மனு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சான்று கொடுக்கும்போது இறப்பின் காரணத்தை அதில் எழுதமாட்டார்கள். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் அப்படி இருக்கிறது, அலுவலரோடு சண்டை போட வேண்டாம். தேடுதல் கட்டணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மனுவில் வருவாய்க் கிராமத்தின் பெயரை எழுதுங்கள். தெருப் பெயரையோ குக்கிராமப் பெயரையோ மட்டும் எழுதினால் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எது உங்கள் வருவாய்க் கிராமம் என்பது இன்றைய பட்டாவில் மேலேயே அச்சாகியிருக்கும், பக்கத்து வீட்டுப் பட்டாவை வாங்கிப் பார்த்தாலே போதும்.